வெறும் பெட்டிக்கும் ஒரு பெயர்

மகள்,

போனை எடுக்காத பிள்ளைக்குக் கடிதம் எழுதுவதை விட்டால் தகப்பனுக்கு வேறு வழி இல்லை. நீ ஏன் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். பெரிய மாமா எனக்கு முந்தி உன்னோடு கதைத்திருப்பார். அவர் சொன்னது உண்மைதான். என் கையைப் பிடித்து, சொல்ல வேண்டாம் என்று கேட்டுவிட்டுக் கொழும்புக்குப் போனாயே, அந்த விசயத்தைக் கோவில் முன்றலில் எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டேன். “இவள் என்ட மனுசி பெத்த புள்ள இல்ல” என்று என் வாயால் சொன்னேன். இந்த வரியை மூன்று தரம் வெட்டி எழுதினேன், அதனால் கோணலாக இருக்கும். மற்ற வரிகளும் கோணலாகத்தான் இருக்கும். அதற்குக் காரணம் வேறு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு நிரந்தர விடுமுறை கொடுத்தவன் நான். பிழைகளை உன் மெசினிடம் கொடுத்துத் திருத்திப் படி.

உனக்குத் தெரிந்த கதைகளையும் இதில் எழுதப் போகிறேன். நாளைக்கு உன் பிள்ளைகள் கேட்டால் காட்டலாம், நான் பொய் சேர்த்துச் சொன்னேன் என்று நீ பழி போடவும் முடியாது. முதலில் குடி, அதுதான் வம்சம். எங்கள் பக்கத்தில் பிள்ளை தாயின் குடி. தகப்பன் கப்பலோட்டினாலும் கள்ளிறக்கினாலும் அவனுடைய குடி அவனோடு போய்விடும், தாய் எந்தக் குடியோ அதுதான் பிள்ளைக்கு. ஒரே குடியில் பிறந்த ஆணும் பெண்ணும் அண்ணன் தங்கை முறை, கலியாணம் செய்ய முடியாது. நீ கட்ட விரும்பிய பிரதீபனுடைய தாயும் உன் அம்மாவும் ஒரே குடி. வந்தாறுமூலைக் கம்பஸில் நீங்கள் இரண்டு பேரும் ஒரு மேசையில் இருந்து படித்த காலத்தில் அவன் உன்னிடம் என்னென்னவோ கேட்டிருப்பான், குடியை மட்டும் கேட்கவில்லை. அதற்கு அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். உன் அம்மாவைப் பெண் பார்க்கப் போனபோது நானும் குடியை மறந்து, இந்த வீட்டில் மீன் குழம்பு எப்படி என்றுதான் கேட்டேன்.

இன்னொன்றையும் முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பது உனக்கு விளங்காது. போன மாரிக்கு நீ வீட்டிலிருந்து வேலை செய்ய வந்திருந்தாயே, அந்த நாட்கள். மாரியில் கடல் கலங்கிக் கிடக்கும், பாசிக்குடா ஹோட்டல்களில் ஆள் இருக்காது, வெள்ளைக்காரருக்குக் கடலடி காட்டுகிற என் கண்ணாடி வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடக்கும். நான் வாவியில் இறாலும் நண்டும் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ முன் அறையில் அந்தக் கொம்பியூட்டருக்கு முன்னால் சோறு தண்ணீர் இல்லாமல் இருந்தாய். “என்ன புள்ள, ஆரும் செத்துப் போனாங்களா?” என்று கேட்டேன். “மெசின் செத்துப் போகுது அப்பா” என்றாய். பிறகு விளக்கினாய். கொம்பியூட்டருக்குள்ளே, கையால் தொட முடியாத இன்னொரு மெசினை இருப்பது போல உண்டாக்கி வைத்திருக்கிறீர்களாம். மெய்நிகர் இயந்திரம் என்று அதற்கொரு நல்ல பெயர். இல்லாத மெசினைத் திருத்துகிற பிள்ளைக்கு இருக்கிற காசிலா சம்பளம் தருகிறார்கள் என்று நான் கேட்டதற்கு, நீ சிரிக்கவில்லை. அப்போதே விசயம் பெரிது என்று தெரிந்துகொண்டேன்.

அந்த மெசினுக்குள் இருக்கிற ஒவ்வொரு சாமானிலும் தான் எந்த வகுப்பு என்று ஒரு லேபல் ஒட்டியிருக்க வேண்டுமாம். ஓரினச் சாமான்களை வரிசையாக அடுக்குகிற பெட்டிகளும் உண்டாம். அரே என்று சொன்னாய், நான் பெட்டி என்றே எழுதுகிறேன். அந்தப் பெட்டியும் ஒரு சாமான்தான், அதற்கும் லேபல் வேண்டும். எனக்கு விளங்கவில்லை என்று என் முகத்தில் கண்டிருப்பாய். முற்றத்தில் கிடந்த என் பிளாஸ்டிக் பெட்டிகளைக் காட்டி, “அப்பா, அந்த வெறும் பெட்டி என்ன பெட்டி?” என்று கேட்டாய்.

“இறால் பெட்டி.”

“உள்ள ஒண்டும் இல்லையே.”

“இல்லாட்டி என்ன? இறாலுக்கெண்டு வாங்கினது.”

“அதுதான் அப்பா. உள்ள என்ன கிடக்கெண்டு பாத்து வகுப்புச் சொல்லப்படாது. என்னத்துக்கெண்டு செய்ததோ அதுதான் வகுப்பு. வெறுமையாக் கிடந்தாலும் அதுதான்.”

பிறகு உன் மெசினுடைய நோயைச் சொன்னாய். மெசின் கண் விழிக்கிற நேரம் வகுப்புகள் ஒன்றும் பிறந்திருக்காது. ஆனால் வகுப்புகளைச் செய்வதற்கே சில பெட்டிகள் வேண்டும். அதனால் லேபல் இல்லாமலோ, கைக்கு அகப்பட்ட லேபலோடோ அவசரத்துக்குச் சில பெட்டிகளைச் செய்துகொள்வார்கள். எல்லா வகுப்புகளும் பிறந்து முடிந்ததும் யாராவது திரும்பிப் போய், அந்த ஆரம்பத்துப் பெட்டிகளைத் தேடிப் பிடித்துச் சரியான லேபலை ஒட்ட வேண்டும். அப்படிப் போனவர் ஒரு பெட்டியை மறந்துவிட்டார். அது எந்தப் பெட்டி என்று தெரியாமல்தான் நீ சோற்றை மறந்திருந்தாய். ஒரு பெட்டியில் பெயர் மாறியதற்கா ஒரு மெசின் சாகிறது என்று கேட்டேன். “ஒருத்தரும் கேக்காத வரைக்கும் சாகாதப்பா” என்றாய். “நீ ஆரு எண்டு அதைக் கேக்கிற அண்டைக்குத்தான் சாகும்.”

இரண்டு நாளோ மூன்று நாளோ போயிருக்கும், அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று குசினிக்குள் ஓடி வந்தாய். நண்டு உடைத்துக்கொண்டிருந்த நான், இனி அதற்குள் இருக்கிற சாமானை எல்லாம் வெளியே எடுத்துப்போட்டுத் திரும்ப அடுக்க வேண்டுமா என்று கேட்டேன். என் பெட்டிகளைக் கழுவும்போது அப்படித்தானே செய்வேன். “இல்லையப்பா. உள்ளுக்கு இரிக்கிற ஒண்டையும் தொடுறதில்ல. மேல இரிக்கிற பேரை மட்டும்தான் மாத்துற.” இதைச் சொல்லிவிட்டு நீ தின்ற சோற்றின் அளவை இங்கே எழுத மாட்டேன், பிரதீபன் வீட்டார் படிக்கக்கூடும்.

இனிக் கடல் வந்த நாள்.

நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, மறுநாள். பௌர்ணமிப் போயா. எங்களுக்கு மாங்கேணியில் கடலைப் பார்த்த வீடும் வளவும். உன் அம்மா வீதிக்கு மேற்கே தமையன் வீட்டுக்கு, அதுதான் பெரிய மாமா வீட்டுக்கு, அரிசி இடிக்கப் போயிருந்தாள். கலியாணம் முடித்துப் பல வருசம், எங்களுக்குப் பிள்ளை இல்லை. நான் வாவிப் பக்கம் வலை வீசிக்கொண்டிருந்தேன். கிழக்கே பத்து லொறி ஒன்றாக வருவது போலச் சத்தம் கேட்டது. கிறுகிப் பார்த்தால் கடல், ஊருக்கு மேலால் வந்துகொண்டிருந்தது. கூரை, கதவு, ஆடு, மனிதர் எல்லாம் அதற்குள் உருண்டன. ஒரு கண்டல் மரத்தைக் கட்டிப் பிடித்தேன். தண்ணீர் என்னை அடித்தது, இழுத்தது, திரும்பவும் அடித்தது. வற்றிப் போன பிறகு பார்த்தால், பக்கத்து மரத்து வேர்களுக்குள் ஒரு பொம்மை கிடந்தது. இடுப்பில் கிழிந்த வலை சுற்றியிருந்தது. வலையை எடுக்கலாம் என்றுதான் கிட்டப் போனேன். பொம்மை என் மேல் வாந்தி எடுத்தது. உனக்கும் எனக்கும் ஏற்பட்ட முதல் அறிமுகம் அதுதான்.

உனக்கு நாலைந்து பல்தான் முளைத்திருந்தது. பெயர் சொல்லத் தெரியவில்லை. “தண்ணி” என்ற ஒரு சொல் மட்டும் சொன்னாய், திரும்பத் திரும்பச் சொன்னாய். தாகத்தில் சொன்னாயா பயத்தில் சொன்னாயா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பள்ளிக்கூடத்தில் செத்தவர்களைக் கிடத்தியிருந்தார்கள். ஆண்களுக்கு ஒரு அறை, பெண்களுக்கு ஒரு அறை, பிள்ளைகளுக்கு ஒரு அறை. உன் அம்மா ஆண்களின் அறையில் ஒவ்வொரு முகமாகத் துணியை விலக்கிப் பார்த்துக்கொண்டு வந்தாள், என்னைத் தேடி. வாசலில் நான் உன்னைத் தூக்கிக்கொண்டு நின்றேன். கட்டிய புருசன் உயிரோடு வந்திருக்கிறேனே, ஒரு அழுகை, ஒரு கட்டிப்பிடிப்பு, ஒன்றும் கிடையாது. என்னை ஒரு தரம் பார்த்தாள். உன்னை வாங்கிக்கொண்டாள். “புள்ளைக்கு உடுப்பில்லையே” என்றாள். தன் சேலைத் தலைப்பைக் கிழித்துச் சுற்றினாள். அன்றைக்கு என்னை இரண்டாம் இடத்துக்குத் தள்ளியவள், கடைசி வரைக்கும் முதலாம் இடத்தைத் திருப்பித் தரவில்லை.

உன்னைப் பெற்றவர்களை நாங்கள் தேடவில்லை என்று நினைத்துவிடாதே. முகாம் முகாமாகத் தூக்கிக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரிக்குப் போனோம். டவுனில் மாதா கோவிலில் பறங்கிக் குடும்பங்கள் தங்கியிருந்தன, அங்கே போனோம். பள்ளிவாசலில் கேட்டோம். ஒரு முகாமில் ஒரு தாய் ஓடி வந்து, உன் முகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு உன் அம்மா தேடப் போகவில்லை. நான் மட்டும் போனேன்.

அடுத்த வருசத்துச் சடங்குத் திருவிழா வந்தபோது அம்மன் கோவிலில் ஒரு சுவர்தான் நின்றது. ஆனாலும் செய்தார்கள். உனக்குத் தெரியும், எங்கள் கோவிலில் குடிக்கொரு நாள். அந்தந்தக் குடிப் பெண்கள் மடைப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வருவார்கள். அரிசி, பழம், வெற்றிலை, பாளை எல்லாம் வைத்து வெள்ளைத் துணியால் மூடிய ஓலைப் பெட்டி. அவற்றை அம்மனுக்கு முன்னால் குடி வரிசையில் வைப்பார்கள். உன் அம்மாவின் பெட்டி அவளுடைய தாய் இழைத்துக் கொடுத்தது. மாமா வீட்டுப் பரணில் கிடந்ததால் கடலுக்குத் தப்பியது. பெட்டியைத் தலையிலும் உன்னை இடுப்பிலும் வைத்துக்கொண்டு வரிசைக்கு வந்தாள். ஒரு கிழவி, “இந்தப் புள்ள எந்தக் குடி கா?” என்று கேட்டாள்.

“என்ட இடுப்பில இரிக்கு. பிறகென்ன கேள்வி?”

எல்லோரும் சிரித்தார்கள். கடல் வந்த பிறகு அந்த ஊர் சிரித்த முதல் சிரிப்பு அது. கிழவி உன் நெற்றியில் சந்தனம் வைத்து, அந்தக் குடிப் பிள்ளைகளுக்குள் இருத்திவிட்டாள். அவ்வளவுதான் மகள். வீடில்லை, சுவரில்லை, ஆர் செத்தது ஆர் இருக்கிறது என்ற கணக்கே முடியவில்லை, அந்த நேரத்தில் கைக்கு வந்த பெயரை உனக்கு ஒட்டினார்கள். திரும்பி வந்து சரிபார்க்கிற அளவுக்கு ஊருக்கு நாள் கிடைக்கவில்லை.

ஏனென்றால் பிறகு சண்டை வந்தது. வளவில் அத்திவாரம் மட்டும்தான் மிஞ்சியிருந்தது, அதனால் வாகரைப் பக்கம் உன் அம்மாவின் சொந்தக்காரர் வீட்டில் போய் இருந்தோம். அங்கேயே அகப்பட்டுக்கொண்டோம். கிழக்கில் சண்டை முடிகிற காலம் என்று இப்போது சொல்கிறார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு முடிகிற மாதிரித் தெரியவில்லை. பங்கருக்குள் உனக்குச் சிரிப்புக் காட்டுவது என் உத்தியோகம். ஷெல் விழுகிற ஒவ்வொரு தரமும் “மாமி பானையைப் போட்டு உடைச்சுப் போட்டா” என்பேன். நீ நம்பினாய். அந்த மாமிக்கு இவ்வளவு பானை எங்கே இருந்து வருகிறது என்று ஒருநாள் கேட்டாய்.

சாப்பிட ஒன்றும் இல்லாமல் போனபின் காட்டாலும் வாவியாலும் தெற்கே வெளிக்கிட்டோம். வாவியில் கழுத்தளவு தண்ணீர். நீ என் தோளில். உன் அம்மா பின்னால் ஒரு பையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். நடுவில் நான் ஒரு குழியில் கால் வைத்து உன்னோடு சேர்ந்து தாழ்ந்து எழும்பினேன். நீ “தண்ணி” என்று கத்தினாய். கரை ஏறி, மூச்சு விட்டு, தப்பிவிட்டோம் என்று நான் நினைத்த இடத்தில்தான் ஒரு ஷெல் விழுந்தது. உனக்கும் எனக்கும் ஒரு கீறல் இல்லை. அவளுக்கு வயிற்றில். நான் சேலையைச் சுருட்டி அழுத்திப் பிடித்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்ற உன்னைத்தான் பார்த்தாள்.

“புள்ளட தலையைத் துடைச்சு விடுங்க. தடிமன் பிடிக்கும்.”

துடைத்தேன். துடைத்து முடித்துத் திரும்பினால் அவள் இல்லை. பாதையோரத்தில், ஒரு காயா மரத்தடியில், கையாலும் கோப்பையாலும் கிண்டி அவளைத் தாட்டோம். கொள்ளி இல்லை, ஒப்பாரி இல்லை. அந்த மரத்தைப் பிறகு தேடிப் போனேன். காடு வெட்டியிருந்தார்கள்.

மாங்கேணிக்குத் திரும்பியபோது பழைய ஆட்களில் பாதி மண்ணுக்குள், மீதியில் பாதி வேறு நாட்டில். சந்தனம் வைத்த கிழவியும் இல்லை. தெரிந்த ஒன்றிரண்டு பேர் வாய் திறக்கவில்லை. நீ பெரிய பிள்ளையானாய். அம்மாவின் மடைப்பெட்டியை நீ தலையில் தூக்கினாய். கொழும்பில் வேலை கிடைத்த பிறகும் அந்த ஒரு நாளுக்கு பஸ் ஏறி வந்தாய். மாமா பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தன் கையால் துடைத்து உன்னிடம் தருவார். நீ பெற்ற பிள்ளை இல்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கேட்பவர் இல்லாததால் பெட்டி தன் பாட்டுக்கு வரிசையில் இருந்தது.

கேட்டது பிரதீபனின் தாய். வெற்றிலைத் தட்டோடு எவ்வளவு சந்தோசமாக வந்தார். தேத்தண்ணி ஊற்றக் கிடைத்த நேரத்துக்குள், “பிள்ளைட தாய் என்ன குடி?” என்று கேட்டார், மாமா சொன்னார். அந்த மனிசியின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பினார். எங்கள் மகன் தன் தங்கையையா கட்டுவது என்று வாசலில் நின்று மெதுவாகக் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நீ அன்றைக்குக் குசினிக்குள் வந்து என் கையைப் பிடித்தாய். “அவ என்ட அம்மா இல்லையெண்டு சொல்லித்தான் எனக்குக் கலியாணம் எண்டா, எனக்கு வேணாம் அப்பா. நீங்க சொல்லப்படாது.” அடுத்த பஸ்ஸில் போனாய். அவனோடும் கதைப்பதை நிறுத்தினாய்.

அவன் என்ன செய்தான் தெரியுமா? பாசிக்குடாவுக்கு வந்தான். வந்து என் கண்ணாடி வள்ளத்தில் ஏறி, அடியில் இருக்கிற கண்ணாடியைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். வெள்ளைக்காரர் பவளப்பாறை பார்ப்பார்களே, அந்த மாதிரி. வள்ளம் கரையில் ஏற்றிக் கிடந்தது மகள். கண்ணாடிக்குக் கீழே மணல்தான். கண்ணாடியில் சொட்டுச் சொட்டாக விழுந்ததை நான் பார்க்காத மாதிரிக் கயிறு சுற்றினேன். “மீன் தெரியுதா தம்பி?” என்று கேட்டேன். “ஓம் மாமா, நிறைய” என்றான். இப்படிப் பொய் சொல்லத் தெரிந்தவன் உன் சமையலுக்குப் பொருத்தமானவன் என்று அப்போதே முடிவு செய்தேன்.

உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்று மாமாவிடம்தான் முதலில் போனேன். அவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கேட்டு முடியுமட்டும் தலை நிமிரவில்லை.

“என்ட தங்கச்சி மலடியாச் செத்தாள் எண்டு ஊர் கதைக்கோணும். அதுதானே மச்சான் உனக்கு வேணும்?”

அவர் கேட்டதில் பிழை இல்லை. அவளுக்குக் கல்லறை இல்லை, அவளைத் தாட்ட மரம் இல்லை, படம்கூட இல்லை. அவள் இருந்தாள் என்பதற்கு அந்தக் குடி வரிசையில் அவளுடைய பெட்டியைத் தூக்குகிற ஒரு பிள்ளை இருந்தாள். அதையும் எடுக்கப் போகிறவன் அவளுடைய புருசன். ஒரு பக்கம் செத்தவள், மறுபக்கம் உயிரோடு இருக்கிற நீ. உன் அம்மாவிடம் கேட்டால் என்ன சொல்வாள் என்று யோசித்தேன். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உன் தலையைப் பார்த்தவள் அவள். எனக்கு வேறு யோசனை வரவில்லை.

சடங்குக்கு நாள் வைக்கக் கோவிலில் கூடினார்கள். வண்ணக்கர், அதுதான் கோவில் நடத்துகிற பெரியவர், வேறு யாருக்கும் கதை இருக்கிறதா என்று கேட்டார். வழக்கமாக இந்த இடத்தில் நான் ஏதாவது பகிடி விட்டு எல்லோரையும் சிரிக்க வைப்பேன். நான் எழும்பியவுடனேயே சிலர் சிரிக்கத் தயாராகிவிட்டார்கள். சொன்னேன். கண்டல் வேர், வலை, சேலைத் தலைப்பு, இடுப்பு, கிழவி எல்லாம் சொன்னேன். சிரிக்கத் திறந்த வாய்கள் அப்படியே இருந்தன. ஒருவர், இவளைப் பெற்றவளும் இதே குடியாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டார். வண்ணக்கர் எழும்பித் தீர்ப்புச் சொன்னார்.

“தாயைத் தெரியாத புள்ளைக்குக் குடி இல்ல. குடி இல்லாட்டி அண்ணன் தங்கச்சி முறையும் இல்ல. கலியாணத்துக்குத் தடையில்ல.” மற்றதையும் சொன்னார். “ஆனா அந்தக் குடிட மடைப்பெட்டியை இனி அந்தப் புள்ள தூக்க ஏலா.”

மாமா சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழும்பிப் போனார். என்னைத் தாண்டிப் போகும்போது நான் நிற்கிற இடத்தில் யாரும் நிற்காத மாதிரிப் போனார்.

பிரதீபனின் தாய் அடுத்த நாளே தட்டோடு வந்தார். இந்த முறை தேத்தண்ணியைக் குடித்தார், சீனி காணாது என்றும் சொன்னார். ஆகவே கலியாணம் உன் கையில்தான் இருக்கிறது. எனக்காகவும் முடிக்காதே, அவனுடைய கண்ணீருக்காகவும் முடிக்காதே. முடித்தால் இதை மட்டும் கேள்: அவன் பொய் சொல்லும்போது, அது உன் மனம் நோகாமல் இருக்கச் சொன்ன பொய்யா தான் தப்பச் சொன்ன பொய்யா என்று பார். முதலாவதை விட்டுவிடு, இரண்டாவதைப் பிடி. உன் அம்மா இரண்டையும் பிடிப்பாள், நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கோபத்தில் போனை நிறுத்தி வைக்கிற பழக்கத்தை என்னோடு வைத்துக்கொள், அவனோடு வேண்டாம். நான் கடிதம் எழுதுவேன், அவனுக்கு எழுத வராது. உன் பிள்ளைகள் என்ன குடி என்று யாராவது கேட்டால், உன் மெசினில் எல்லா வகுப்புக்கும் மேலே ஒரு வகுப்பு இருக்கிறது, அதன் லேபலில் அதனுடைய பெயரேதான் இருக்கும் என்று சொன்னாயே, அதைச் சொல். அவர்களுக்கு விளங்காது. எனக்கும் விளங்கவில்லை. ஆனால் கேட்க நன்றாக இருந்தது.

நேற்று உன் அம்மாவின் குடிச் சடங்கு. நீ வரவில்லை. நான் என் குடி ஆண்களோடு தள்ளி நின்றேன். பறை முழங்கியது. உன் அம்மாவின் குடிப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து பெட்டிகளை வைத்தார்கள். வேறூரிலிருந்து இந்த முறை முதல் தரமாக வந்திருந்த பிரதீபனின் தாயும் வைத்தார். வரிசை முடிந்துவிட்டது, பூசாரி தண்ணீர்ச் செம்பைத் தூக்கிவிட்டார். அப்போது மாமா வந்தார். ஆண்கள் மடைப்பெட்டி தூக்குவதில்லை, அவர் தலையில் வைக்கவில்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தார். வெள்ளைத் துணி இல்லை, அரிசி இல்லை, ஒரு வெற்றிலைகூட இல்லை. வண்ணக்கர் எட்டிப் பார்த்து, உள்ளே ஒன்றும் இல்லையே என்றார்.

“என்ட தங்கச்சிட பெட்டி” என்றார் மாமா.

பிரதீபனின் தாய் குனிந்து தன் பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தினார். அந்த இடைவெளியில் மாமா அதை வைத்தார். பூசாரி வரிசை முழுவதற்கும் மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்தார். அந்தப் பெட்டிக்கு வந்தபோது கை நிற்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு மாமா பெட்டியை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். இரண்டடி போய் நின்றார். என் முகத்தைப் பார்க்காமல், பெட்டியைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

“நனைஞ்சு போச்சு மச்சான். அவளை வந்து துடைச்சு வைக்கச் சொல்லு. வேற ஆரு இரிக்கு?”

சொல்லிவிட்டேன் மகள். இனி போனை எடுத்தாலும் சரி, எடுக்காமல் நேரே பஸ் ஏறினாலும் சரி.

உன்னை முதலில் பொம்மை என்று நினைத்த,
அப்பா